ஒட்டக வரிசை

பாலைவனம் பார்க்க வேண்டும் என்று எனக்கு வாழ்நாளில் ஒருநாளும் தோன்றியதில்லை. பர்மாவில், யாங்கோனில் பிறந்து, வருஷத்தில் ஐந்து மாதம் மழையில் நனைந்து, மீதி மாதங்களில் சுவரில் பூத்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பவளுக்கு மணலும் வெயிலும் எதற்கு? ஆனாலும் போனேன். ஐம்பத்தெட்டு வயதில், வீங்கிய காலோடு, தூக்கம் கெட்ட கண்ணோடு, முன்பின் தெரியாத பத்துப் பேரோடு சுற்றுலா வண்டியில் ஏறிப் போனேன். என் மகனைப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை.

அவன் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வளைகுடா நகரம் ஒன்றில், இறைச்சியும் மீனும் அடுக்கி வைக்கும் குளிர்க் கிடங்கில் வேலை. வெளியே அனல் அடிக்கும் ஊரில் இவன் கம்பளிக் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு பெட்டி தூக்குகிறான். ஊருக்கு வா என்று அவனைக் கூப்பிட முடியாது. அவன் வயதுப் பிள்ளைகள் வந்தால் மறுபடி வெளியே விடுவதில்லை. பட்டாளத்துக்குப் பேரை எழுதிக்கொண்டால் அப்புறம் சீருடைதான். எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில், எங்கள் தெருவிலேயே ஒரு பையன் தாயின் சாவுக்கென்று வந்தான். காரியம் முடிந்து நாலாம் நாள் அவனைக் காணவில்லை. இப்போது எங்கே இருக்கிறான் என்று அவன் அக்காவுக்கே தெரியாது.

எங்கள் வீட்டுக்காரருக்கு இருதயம் பெருத்துவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கியது போய், சட்டை மாட்டினாலே மூச்சு வாங்குகிறது. மருந்து கொடுக்கும் டாக்டர் நாளைப் பற்றிப் பேசுவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். மகனிடம் போனில் இதைச் சொன்னபோதெல்லாம் அவன் ஒரே பதில்தான் வைத்திருந்தான்: "பாத்துக்கலாம்மா." வருகிறேன் என்றும் சொல்லமாட்டான், வரவில்லை என்றும் சொல்லமாட்டான். லைன் வேறு பாதியில் அறுந்துவிடும். எனக்கு அந்த 'பாத்துக்கலாம்' மேல் நம்பிக்கை இல்லை. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் டாக்ஸியில் வந்து வாசலில் இறங்குவான், பெட்டியை நான் வாங்கி வைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோகும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

மகள் ஜெர்மனியில் நர்ஸ். அவள் பிரசவத்துக்கு நான் போக வேண்டிவந்தது. பக்கத்துப் பேட்டை தாகேதாவிலிருந்து நாத்தனாரை வரவழைத்து வீட்டில் இருத்திவிட்டுத்தான் கிளம்பினேன். கிளம்பும் முன் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: "திரும்பி வர்றப்ப எப்படியாச்சும் அவனைப் பாத்துரு. போன்ல சொன்னா ஏறாது. நேர்ல சொல்லு. நான் போயிட்டேன்னு சேதி வந்தாலும் வரக்கூடாதுன்னு வார்த்தை வாங்கிட்டு வா." சொல்லிவிட்டு, ஏதோ கடைக்குச் சாமான் எழுதிக் கொடுத்தவர்போலத் தண்ணீர் கேட்டார்.

ஆறு வாரம் பால் புட்டி கழுவினேன், பத்தியச் சோறு பொங்கினேன், குளிரில் முழங்கால் இறுகி மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினேன். அந்த நேரமெல்லாம் மனதுக்குள் ஒரே வேலை. மகன் என்ன சொல்வான், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை. அவன் "ஒரே பிள்ளை நான், கொள்ளி வைக்க வேண்டாமா" என்பான். "உன் சித்தப்பா மகன் வைப்பான், நெருப்புக்கு ஆள் தெரியாது" என்று நான் சொல்ல வேண்டும். அவன் அழுதால் நான் அழக்கூடாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். எத்தனையோ பெற்றோர் வந்து மேசையைத் தட்டியிருக்கிறார்கள், அசைந்து கொடுத்ததில்லை. இவனிடமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

வழி கண்டுபிடித்தது மகள்தான். திரும்பும் பயணத்தில் அந்த வளைகுடா நகரத்தில் ஒன்பதரை மணி நேரம் காத்திருப்பு. எங்கள் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வர அனுமதி கிடையாது. வெளியே இருப்பவன் உள்ளே வரவும் முடியாது. ஆனால் காத்திருக்கும் பயணிகளைக் கூட்டமாகப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு பட்டையை மாட்டி அனுப்புவார்கள். அதே கம்பெனி நகரத்து ஆட்களையும் வேறு வண்டிகளில் அதே கூடாரத்துக்கு அழைத்துப் போகிறது. மகன் அதில் ஓர் இடம் பதிவு செய்தான். மூன்று வருஷமாக அந்த ஊரிலேயே இருந்தும் அவனும் மணல்மேடு பார்த்ததில்லை. தாயும் மகனும் சந்திக்க ஆளுக்கொரு சுற்றுலாப் பயணியாக வேஷம் கட்ட வேண்டியிருந்தது.

விமானம் இறங்கியபோது அங்கே உச்சிவேளை. எங்கள் குழுவுக்கு வழிகாட்டி ஓர் எகிப்துக்காரர். நாற்பது வயதிருக்கும், தொப்பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். காற்றில் விரலைக் குத்திக் குத்தி எங்களை எண்ணினார். பதினொன்று. கொஞ்ச தூரம் நடந்ததும் திரும்பி நின்று மறுபடி எண்ணினார். பதினொன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் வாத்தியார்களின் முகம் அது. எனக்குப் பழக்கமான முகம். ஒரு ஆள் குறைந்தால் இவர் தலைதான் உருளும் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

வெளியே இரண்டு பெரிய ஜீப்புகள் நின்றன. எனக்கு வண்டி என்றாலே வயிற்றைப் பிரட்டும், முன் சீட்டு வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார். நான் நேரே போய் இடப்பக்கக் கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடினேன். நெஞ்சுக்கு முன்னால் ஸ்டீரிங் இருந்தது. எங்கள் ஊரில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டீரிங்கும் வலப்பக்கமே இருக்கும். எல்லாம் ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த வண்டிகள். முன் சீட்டுக்கு இடக்கதவைத் திறந்தே கை பழகிவிட்டது. வழிகாட்டி சிரிக்காமல், "அம்மா, நீங்களே ஓட்டிக்கொண்டு போவதானால் டிரைவருக்குக் கொஞ்சம் தூங்க வசதி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பின்னாலிருந்த இளம் ஜோடி சிரித்தது. நான் இறங்கிச் சுற்றிவந்து ஏறுவதற்குள் இன்னும் கொஞ்சம் களைத்துப் போனேன்.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கியதும் டிரைவர் சக்கரங்களில் காற்றைக் குறைத்தார். பிறகு மேட்டில் ஏற்றுவதும் பள்ளத்தில் சரிப்பதுமாக ஆரம்பித்தார். அதுதான் வேடிக்கையாம். அதற்குத்தான் ஜனங்கள் வருகிறார்களாம். பின்னால் அந்த ஜோடி கீச்சிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தேன். மழைக்காலத்தில் எங்கள் பேட்டையின் குழிகளில் பஸ் விழுந்து எழுவதை இத்தனை வருஷம் தினமும் அனுபவித்திருக்கிறேன், ஒருவரும் என்னை அதற்குப் பாராட்டியதில்லை. கண்ணைத் திறந்தபோதெல்லாம் வெளியே ஒரே நிறம். ஆரஞ்சு என்றும் சொல்லலாம், சுட்ட செங்கல் என்றும் சொல்லலாம். அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்குப் பார்க்கத் தெம்பில்லை.

கூடாரம் என்று சொன்னது, மூங்கில் தட்டி மாதிரி ஏதோ வைத்து வளைத்த ஒரு பெரிய முற்றம். உள்ளே மணல்மேல் கம்பளங்கள், தலையணைகள், தாழ்வான மேசைகள். வாசலில் கம்பளத்தைக் கண்டதும் நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். கழற்றிய செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தேன். எங்கள் ஊரில் பகோடாவானாலும் கோவிலானாலும் வீடானாலும் விரிப்பு தொடங்கும் இடத்தில் செருப்பு முடிந்துவிடும். எனக்குப் பின்னால் வந்த ஜெர்மன் கிழவர் அதைப் பார்த்து, இது இவ்விடத்து முறை போலும் என்று நினைத்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அவரைப் பார்த்து அந்த ஜோடி. கடைசியில் பத்துப் பேரும் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கொதிக்கும் மணலில் தத்தித் தத்திப் போனார்கள். வழிகாட்டி திரும்பிப் பார்த்து, கால்களை எண்ணுவதா ஆட்களை எண்ணுவதா என்று தெரியாமல் நின்றார்.

அப்போதுதான் மகனைப் பார்த்தேன்.

முற்றத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. எங்கள் கையில் பச்சைப் பட்டை, அந்தப் பக்கத்து ஆட்கள் கையில் ஆரஞ்சுப் பட்டை. ஆரஞ்சுக்காரர்களில் ஒருவனாக அவன் கயிற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். புதுச் சட்டை, மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது. வெயில் நாட்டில் இருக்கிறான், ஆனால் வெளுத்துப் போயிருந்தான். குளிர்ப்பெட்டிக்குள் இருப்பவனுக்கு வெயில் எங்கே? அவன் பேரைச் சொல்லிக்கொண்டு நேரே கயிற்றைத் தூக்கப் போனேன்.

வழிகாட்டி ஓடிவந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அந்தப் பக்கம் கூடாது, கயிற்றருகில் நின்று பேசவும் கூடாது. பச்சை இந்தப் பக்கம்தான்."

"அவன் என் மகன்."

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். "பதினொரு பேருக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றார். "முன்பு ஒருமுறை ஒருவர் அந்தப் பக்கத்து வண்டியில் ஏறி நகரத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இந்தக் கயிறு. அதோ மேலே கேமராவும் இருக்கிறது."

கெஞ்சக்கூடத் திராணி இல்லை. அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டேன். எட்டடி தூரத்தில் மகன், நடுவில் பந்தல்காரன் கட்டும் கயிறு மாதிரி ஒரு கயிறு. இதற்கா ஆறு வாரம் ஒத்திகை பார்த்தேன் என்று அழுகை முட்டியது. வழிகாட்டி போகவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஒட்டகம் மட்டும் எல்லாருக்கும் பொது. இருப்பது இரண்டே ஒட்டகம். அதற்கு நிற்கும் வரிசையில் பச்சை, ஆரஞ்சு என்று நான் பார்ப்பதில்லை."

ஒட்டக வரிசை கூடாரத்துக்கு வெளியே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நான் ஒரு வாசலால் போனேன், அவன் இன்னொரு வாசலால் வந்தான். வரிசையில் இருபது இருபத்தைந்து பேர். அவன் எனக்குப் பின்னால் வந்து நின்று, "அம்மா" என்றான். நான் திரும்பி அவன் முகத்தைத் தடவினேன். தாடை சொரசொரவென்று இருந்தது. "சவரம் பண்ண நேரமில்லையா உனக்கு?" என்று கேட்டேன். மூன்று வருஷம் கழித்து நான் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"பண்ணேனேம்மா, காலையில."

"காலையில பண்ணுனதா இது? பிளேடு மழுங்கிப் போயிருக்கும். மாத்து."

வரிசை நகர்ந்தது. எங்கள் முறை சீக்கிரம் வந்துவிடும்போல இருந்தது. வந்தால் ஏற வேண்டும், ஏறி இறங்கினால் அவரவர் வாசல். அதனால் நான் பின்னால் நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர்கள் நன்றி சொல்லி முன்னே போனார்கள். அடுத்து வந்தவர்களையும் விட்டோம். ஜெர்மன் கிழவரை விட்டோம். அந்த ஜோடியை விட்டோம். யாங்கோனில் வரிசை என்றால் எண்ணெய்க்கு, கேஸுக்கு, பாஸ்போர்ட்டுக்கு. ஒருவன் நுழைந்தால் சண்டை வரும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வரிசையில் கடைசி ஆளாக நிற்பதற்குப் பாடுபட்டேன்.

என்னென்னவோ பேசினோம். அவன் அறையில் எட்டுப் பேர், ஆறு பேர் பர்மாக்காரர்கள், அதனால் தமிழே வாயில் வருவதில்லை என்றான். உண்மைதான், பாதிப் பேச்சு பர்மீஸில் போய்த்தான் தமிழுக்குத் திரும்பியது. மகளுக்கென்று ஊரிலிருந்து கொண்டுபோன பலாச்சாங் பாட்டிலில் பாதியைப் பிரசவக்காரிக்கு ஆகாது என்று நானே மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அங்கேயே மூடியைத் திறந்து, வறுத்த இறாலும் மிளகாயும் பூண்டுமாக இரண்டு விரலால் அள்ளி வாயில் போட்டான். வாசனைக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"சோத்தோட சாப்பிடுறதுக்குடா."

"சோறு வர்ற வரைக்கும் யாரு இருக்கப் போறா" என்றான். இன்னொரு தடவை அள்ளினான்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். சொன்னேன். கால் வீக்கம், ராத்திரியில் உட்கார்ந்தபடி தூங்குவது, நாத்தனாரிடம் சிடுசிடுப்பது, எல்லாம். கேட்டுக்கொண்டே பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தான். சொல்ல வந்ததைச் சொல்ல அதுதான் நேரம். வாயெடுத்தேன். ஆனால், "கிடங்குக்குள்ள காலுக்கு என்ன போட்டுக்கிற?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஷூவைப் பற்றிச் சொன்னான். மறுபடி வாயெடுத்தேன். மறுபடி வேறெதையோ கேட்டேன். அவனைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, நீ வீட்டுக்கு வராதே என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? ஆறு வாரம் பால் புட்டியிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

ஒட்டகக்காரருக்கு எங்கள்மேல் எரிச்சல் வந்துவிட்டது. பலூச்சிக்காரராம், தலைப்பாகையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஆளே இல்லை. "ஏறுங்கள், இல்லையென்றால் போங்கள், ஒட்டகத்துக்கும் தீனி நேரம் வருகிறது" என்று இந்தியில் சொன்னார். போகிறோம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏறினால் இன்னும் ஐந்து நிமிஷம் கிடைக்கும். ஏறுகிறோம் என்றேன்.

ஒட்டகத்தின்மேல் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் ஒரு சேணம். என்னை முன்னால் ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்பதைவிடத் தூக்கிப் போட்டார்கள் என்பது சரி. எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டும் லுங்கி, அது முழங்காலுக்கு மேலே போய்விட்டது, இழுத்துவிட்டுக்கொண்டேன். மகன் பின்னால் உட்கார்ந்தான். ஒட்டகம் முதலில் பின்காலைத் தூக்கியது. நான் அதன் கழுத்தில் போய் விழப் பார்த்தேன். மகன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு முன்காலையும் தூக்கி, பெருமூச்சு விட்டு, நடந்தது. ஒரு மேட்டைச் சுற்றி, கொடி நட்டிருக்கும் இடம்வரை போய்த் திரும்ப வேண்டும். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

பாதி தூரத்தில் அவன் சொன்னான்: "அம்மா, ஒண்ணு சொல்றேன். திரும்பாத."

"இதுமேல உக்காந்துக்கிட்டு எங்க திரும்புறது?"

"அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னாலும் நான் வரமாட்டேம்மா."

கொடி நட்ட இடம் வந்து ஒட்டகம் திரும்பியது.

"நல்லா யோசிச்சுட்டேன். எனக்குப் பயமா இருக்கும்மா. பயந்துக்கிட்டு வர்றதவிட வராம இருந்துர்றேன். அப்பாகிட்ட நீதான் சொல்லணும். எனக்குச் சொல்ல வாய் வரல."

நான் வாங்க வந்த வார்த்தை அது. கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், ஆனால் எனக்கு வந்தது கோபம். ஒரு தடவையாவது வருவேன் என்று மல்லுக்கு நின்றிருக்கக் கூடாதா? கொள்ளி வைக்க வேண்டாமா என்று என்னிடம் ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கக் கூடாதா? நான் தடுத்து அவன் நின்றிருந்தால் அது வேறு. அவனாகவே நின்றுவிட்டான். பயமாக இருக்கிறது என்று என் பிள்ளை சொல்கிறான், அந்தப் பயத்தைத்தான் நானும் அவனுக்குள் ஏற்ற ஆறு வாரமாக ஒத்திகை பார்த்தேன், அப்புறமும் கோபம். மனசுக்கு என்ன நியாயம்? இடுப்பைப் பிடித்திருந்த அவன் கையின்மேல் என் கையை வைத்தேன். "சரி" என்றேன்.

இறங்கியதும் அவரவர் வாசலுக்குப் போக வேண்டும். வழிகாட்டி தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மகன், "அம்மா, கொஞ்சம் உக்காரு" என்றான். எங்கே என்று கேட்டேன். இங்கேயே, மணல்லயே என்றான். எதற்கென்று புரிந்ததும் மணலில் உட்கார்ந்தேன்.

பர்மாவில் அதைக் கடோ என்பார்கள். ஐப்பசிப் பௌர்ணமியில் விளக்குத் திருநாள் வரும். அதை ஒட்டிய நாட்களில் பிள்ளைகள் தாய் தகப்பன் முன்னால் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றியும் முழங்கையும் தரையில் படக் குனிந்து, உடம்பாலும் வாக்காலும் மனதாலும் தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பார்கள். பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வாயைத் திறந்து வாழ்த்த வேண்டும். வாழ்த்தினால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. எங்கள் தமிழ் வீடுகளிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து எங்களுக்குச் செய்வார்கள். காலில் விழுவதை நாம் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் செய்கிறோம். கடோ பிழை பொறுக்கச் சொல்வதற்கு.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். மூன்று முறை குனிந்தான். நெற்றியில் மணல் ஒட்டியது. நான் பர்மீஸில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுகமாக இரு, சந்தோஷமாக இரு, எந்த ஆபத்தும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். எழுந்து நிற்பான் என்று பார்த்தேன். அவன் எழவில்லை.

"இது அப்பாவுக்கு" என்றான்.

மறுபடி மூன்று முறை. இம்முறை குனிந்தவன் ஒவ்வொரு தடவையும் நிமிர நேரமானது. கொள்ளிக்கு, காரியத்துக்கு, வராமல் இருக்கப்போகிற அத்தனைக்கும் சேர்த்து இப்போதே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவர் உயிரோடு இருக்கிறார், அங்கே கட்டிலில் உட்கார்ந்து நாத்தனாரிடம் காபி ஆறிப்போச்சு என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். அவர் சொல்ல வேண்டிய வாழ்த்தை நான் சொல்ல வேண்டும். என்ன சொல்லுவார் அந்த மனுஷர்? நீட்டி முழக்கத் தெரியாதவர். "சாப்பாட்டைக் கவனிச்சுக்கோ, தம்பி. போயிட்டு வா" என்றேன், அவர் சொல்லும் தொனியிலேயே. மகன் முகத்தை மணலிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

வழிகாட்டி தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்தார். வெயிலில் மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். ஒன்றுமில்லை என்றேன். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பாட்டிலை மணலில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் எங்களை எண்ணவில்லை.

அதன்பிறகு சாப்பாடு, ஒரு நாட்டியம், ஜீப்பு, விமான நிலையம். மகனுடைய வண்டி முதலில் கிளம்பியது. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். ஊருக்கு வரும் வழியெல்லாம் என் கைப்பையிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. கரண்ட் இல்லை. நாத்தனார் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். நான் போனபோது இருந்ததைவிட முகம் ஊதியிருந்தது. என் பெட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். நாத்தனார் டீ போட உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

"வரமாட்டான். வார்த்தை வாங்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு விசிறியைக் கையிலெடுத்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கலையா அவன்?"

முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவர் என்னிடம் எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை. விசிறியை நிறுத்தாமல் சொன்னேன்: "கேக்காமயா? பெரிய ரகளை பண்ணிட்டான். ஒரே பிள்ளை நான், நான் வராம யாரு கொள்ளி வைக்கிறதுன்னு நிக்கிறான்."

கண்ணைத் திறந்தார். "அப்படியா கேட்டான்? நீ என்ன சொன்ன?"

"உன் சித்தப்பா மகன் இருக்கான், நெருப்புக்கு ஆள் தெரியாதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அதெல்லாம் முடியாது, டிக்கெட் போடப் போறேன்னான். நீ வந்தா நான் வாசக்கதவைத் திறக்க மாட்டேன்னு சொன்னேன். அத்தனை ஜனத்துக்கு முன்னால வச்சுத் திட்டித் தீத்துட்டேன். அப்புறந்தான் அடங்குனான்."

அவர் இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு அறிவிருக்கா?" என்றார். "மூணு வருஷம் கழிச்சுப் பிள்ளையப் பாக்குறவ, வேத்து ஊர்ல, வேத்து ஆளுங்களுக்கு முன்னால வச்சா திட்டுவா? தகப்பனப் பாக்கணும்னு கேக்குறது ஒரு குத்தமா? பக்குவமாச் சொல்லத் தெரியாது உனக்கு. அந்தப் பள்ளிக்கூடத்து மேசையில உக்காந்து உக்காந்து உன் வாயே அப்படி ஆயிருச்சு. அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்? நாளைக்குப் போன் பண்ணுறப்ப, தெரியாமத் திட்டிட்டேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. கேக்குதா?"

நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார். நிறுத்திவிட்டு மறுபடி திட்டினார். நாத்தனார் டீயோடு வந்து, வந்ததும் வராததுமாக என்ன சத்தம் என்று கதவருகே நின்றுவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, சரிங்க, சொல்றேங்க என்று விசிறிக்கொண்டிருந்தேன்.